ஒற்றை டர்போவுக்காக அத்தான் பேச வேண்டிய ஞாயிறு

எப்போதும் என்னோடு வாதாட நேரம் வைத்திருந்த என் அத்தானுக்கு,

வண்டி ஓடுகிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். என்னை நலம் விசாரிப்பதற்கு முன்னால் எஞ்சினைத்தானே விசாரிப்பீர்கள்.

நீலப் புகை நின்றுவிட்டது. தார்நாகா சிக்னலில் பச்சை விழுந்தும் நகராமல் நின்றோம், பின்னாலிருந்த ஆட்டோக்காரர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார். அக்கா, தியா, நான் மூவரும் பின்கண்ணாடி வழியாக வெறும் காற்றைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இவ்வளவு காலத்துக்குப் பிறகு அது ஒரு காட்சியாக இருந்தது.

நான் உங்களுக்கு எழுதும் முதல் கடிதம் இது. நீங்கள் இருந்தபோது எழுத வேண்டிய தேவை வரவில்லை. மாதாப்பூரில் மெட்ரோ ஏறினால் தார்நாகாவில் இறங்கிக்கொள்ளலாம், வண்டி மாற வேண்டியதில்லை. சொல்ல நினைத்ததை நேரில் வந்து சொன்னேன். இப்போது அந்தப் பாதை அப்படியே இருக்கிறது. கேட்கிற ஆள்தான் எங்கே என்று தெரியவில்லை.

இதை மற்றவர்களும் படிப்பார்கள். அவர்களுக்காக உங்களுக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்ல வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அக்காவின் கணவர் நீங்கள். தார்நாகாவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வெற்றிடப் பம்புகளைக் கவனிக்கும் வேலை. செகந்திராபாத் ரயில்வே குவாட்டர்ஸில் பிறந்து வளர்ந்த தமிழர். ‘ஆமாம்’ வரவேண்டிய இடத்தில் ஹைதராபாத் உருதுவின் ‘ஹவ்’ வரும். பெண் பார்க்க எங்கள் கோவில்பட்டி வீட்டுக்கு வந்த அன்று, ‘காபி சாப்பிடுறீங்களா’ என்று அப்பா கேட்டதற்கும் ‘ஹவ்’ என்றீர்கள். சூடு தாங்காதவர் போலிருக்கிறது என்று, மாப்பிள்ளைக்குக் காபியை நன்றாக ஆற்றிக் கொடுக்கும்படி அப்பா உள்ளே சொல்லியனுப்பினார்.

பிறகு வண்டி. வயதான ஜெர்மன் செடான். ஆறு சிலிண்டர், மூன்று லிட்டர், பெட்ரோல். யாரோ அலுத்துப்போய் விற்றதை நீங்கள் வாங்கி வந்தீர்கள். அக்கா ஒரு வாரம் பேசவில்லை. அந்த வாரம் முழுக்க நான் உங்கள் வீட்டில்தான் இருந்தேன், பானெட்டுக்கு அடியில்.

அது இரண்டு சின்ன டர்போக்களோடு பிறந்த வண்டி. முன் மூன்று சிலிண்டருக்கு ஒன்று, பின் மூன்றுக்கு ஒன்று. எஞ்சின் வெளியே விடும் மூச்சிலேயே ஒரு சக்கரம் சுழலும், அந்தச் சுழற்சி இன்னும் அதிகக் காற்றை எஞ்சினுக்குள் திணிக்கும். டர்போ என்பது அவ்வளவுதான். அக்காவுக்கு நீங்கள் குக்கரை வைத்து விளக்கினீர்கள்.

“இந்த வெயிட் இருக்குல்ல, இதுதான் வேஸ்ட்கேட். அழுத்தம் மிஞ்சினா தூக்கி விட்டுடும்.”

“அப்ப உங்க வண்டியில பருப்பு வேகுமா?”

“வேகாது.”

“அப்புறம் எதுக்கு?”

நீங்கள் வெயிட்டை அவள் கையில் கொடுத்துவிட்டு என்னோடு பானெட்டுக்கே திரும்பினீர்கள்.

இரண்டு டர்போவும் தேய்ந்துபோய் எண்ணெய் கசியத் தொடங்கியது. வண்டி நின்றால் நீலப் புகை. செய்யக்கூடியது இரண்டில் ஒன்று. அதேபோல இன்னொரு ஜோடியைப் போடுவது. அல்லது இரண்டையும் கழற்றிவிட்டுப் பெரிதாக ஒற்றை டர்போ வைப்பது.

நீங்கள் இரட்டைக் கட்சி. சின்னச் சக்கரம் சீக்கிரம் சுழலும், மிதித்தவுடன் இழுக்கும். இந்த ஊரில் பெரிய டர்போ தூக்கம் கலைந்து எழுவதற்குள் அடுத்த சிவப்பு வந்துவிடும் என்பீர்கள். நான் ஒற்றை. குழாய் குறைவு, சூடு குறைவு, பழுது பார்க்கக் கை நுழைய இடம். வேகம் ஏற ஏற அதற்கு மூச்சு முட்டாது. இதெல்லாம் நான் வெளியே சொன்ன காரணங்கள். உள்ளே இருந்தது வேறு. மிதித்ததற்கும் விசை வந்து சேர்வதற்கும் நடுவே இருக்கும் அந்தச் சின்ன இடைவெளி எனக்குப் பிடிக்கும். ‘லேக்’ என்று எல்லோரும் திட்டுகிற அதுதான்.

“கல்யாணமும் வேணாங்குறா, டர்போவும் ஒண்ணு போதுங்குறா. இவளுக்கு எதுலயும் ஜோடி ஆவாது.”

“ஜோடியா இருந்துதான் ரெண்டும் ஒண்ணாப் புகையுதே அத்தான்.”

அடுக்களையிலிருந்து அக்கா சொன்னாள்: “நல்லாக் கேட்டடி.”

உங்கள் சட்டத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். டயரோ, பெயிண்டோ, எதுவானாலும் யாரும் தன் கட்சியைப் பேசக்கூடாது. எதிராளியின் கட்சியைத்தான் பேச வேண்டும். அவரைவிட நன்றாகப் பேசி, அவர் வாயாலேயே ‘போதும்’ என்று சொல்ல வைத்தால் நம் இஷ்டப்படி செய்துகொள்ளலாம். ஞாயிறு மதியம், அக்கா குக்கரை அடுப்பில் ஏற்றியதும் ஆரம்பம். குக்கர் அடங்கும்போது பேச்சும் அடங்க வேண்டும். ஒரு வாரம் ஒருவர்.

டர்போ வழக்கில் முதல் ஞாயிறு என் முறை. இரட்டை டர்போவுக்காகப் பேசினேன். வண்டியை வடிவமைத்தவர்கள் முட்டாள்கள் இல்லை என்று தொடங்கினேன். அந்த எஞ்சினின் பெட்ரோல் அளவு, கியர் எல்லாம் அந்த ஜோடியை மனதில் வைத்தே அமைக்கப்பட்டவை, ஒன்றை மாற்றினால் எல்லாவற்றையும் சமாதானப்படுத்த வேண்டியிருக்கும் என்றேன். குக்கர் அடங்குவதற்கு முன்பே நீங்கள் கையைத் தூக்கினீர்கள்.

“போதும். என் கட்சிய என்னைவிட நல்லாப் பேசிட்ட. அடுத்த ஞாயிறு பாரு, உன் ஒத்தைய நான் எப்படிப் பேசுறேன்னு.”

அந்த ஞாயிறுக்கு நீங்கள் இல்லை. ஆய்வுக்கூடத்தில், பம்பு அறையில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே. இதயம். இதற்குமேல் இதைப் பற்றி எழுதமாட்டேன்.

வண்டி போவன்பள்ளியில், மெக்கானிக் நயீம் பாயின் ஷெட்டிலேயே கிடந்தது. எஞ்சின் திறந்தபடி. அதன்மேல் ஒரு தார்ப்பாய். மழைக்காலம் தொடங்கும் முன் ஒருநாள் அவர் போன் செய்தார். அவர் உங்களோடு ரயில்வே குவாட்டர்ஸ் தெருவில் கிரிக்கெட் ஆடியவர். அவருடைய தமிழும் அந்தத் தெருவில் கிடைத்ததுதான்.

“மேடம், இது ஆஸ்பத்திரி பெட் இல்ல. ஒரே பேஷண்ட் மாசக்கணக்கா படுத்துக் கெடந்தா மத்தவங்கள எங்க படுக்கவைப்பேன்?”

பிறகு ஷெட்டில் யாரையோ சத்தத்தைக் குறைக்கச் சொன்னார்.

“சாப் இருந்தா அவரையே திட்டிருப்பேன். இப்ப திட்டக்கூட ஆளு இல்ல.”

போனேன். காய்கறிச் சந்தையின் பின்பக்கத்திலிருந்து வெங்காயச் சருகு பறந்து வந்து ஷெட்டில் கிரீஸ் இருந்த இடத்திலெல்லாம் ஒட்டியிருந்தது. கழற்றிய டர்போக்கள் ஒரு தக்காளிப் பெட்டியின்மேல் பக்கத்தில் பக்கத்தில். இரண்டு நத்தை ஓடுகள்போல.

“கைக்கூ மேடம், எதுக்கு இவ்ளோ யோசனை?” என்றார் நயீம் பாய். “ரெண்டு இருந்துச்சு, ரெண்டு போடுவோம். சாப்க்கும் அதானே இஷ்டம்.”

“ஒண்ணு போட்டா?”

“ஒண்ணுன்னா மேனிஃபோல்டு கொழாயெல்லாம் புதுசா வெட்டி வெல்டு பண்ணணும். ரெண்டுன்னா இந்தப் பழைய ஜோடியக் கொடுத்தாத்தான் கடைக்காரன் புதுசு தருவான். எதச் செஞ்சாலும் அப்புறம் வாபஸ் இல்ல மேடம். ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லிடுங்க.”

சொல்வது எளிதாகத் தெரிந்தது. ஆனால் ஒற்றை என்று சொன்னால், பதில் சொல்ல முடியாத ஒருவரை வாதத்தில் வென்றதாக ஆகும். இரட்டை என்றால் இரக்கப்பட்டு உங்களை ஜெயிக்கவிட்டதாக ஆகும். ஜெயிக்கவிடப்படுவது உங்களுக்கு எவ்வளவு பிடிக்காது என்று எனக்குத் தெரியும். கேரம் போர்டில் நான் ஒருமுறை வேண்டுமென்றே சிவப்பைத் தவறவிட்டபோது போர்டையே மூடி வைத்தவர் நீங்கள்.

மெட்ரோவில் திரும்பும்போது உங்களைப் பேசவைத்துப் பார்த்தேன். ஜன்னலோரம் நின்றபடி, மனதுக்குள், உங்கள் குரலில், ஒற்றை டர்போவின் கட்சியை. பேகம்பேட் வருவதற்குள் தெரிந்துவிட்டது. குரல் உங்களுடையது, சொற்கள் என்னுடையவை. நீங்கள் இவ்வளவு நீளமாகப் பேசமாட்டீர்கள். பேச்சின் நடுவே ஒரு தடவையாவது தேநீர் கேட்டிருப்பீர்கள்.

ஞாயிறு தார்நாகா போனேன். அக்கா மட்டன் எடுத்திருந்தாள். நீங்கள் போனபிறகு இதுதான் முதல் தடவை. தியா மேசையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். உங்கள் மகள் வளர்ந்துவிட்டாள். நாங்கள் தமிழில் கேட்டால் இன்னும் தெலுங்கில்தான் பதில் வருகிறது.

“நயீம் பாய்க்கு என்ன சொன்ன?” என்று அக்கா கேட்டாள்.

“ஒண்ணும் சொல்லல. அத்தான் முறை பாக்கி இருக்குக்கா. அவரு பேசாம நான் எப்படி முடிவு பண்ண?”

அக்கா குக்கர் மூடியைத் திருப்பிப் பொருத்தினாள்.

“பேசினாரே.”

“யார்கிட்ட?”

“எங்கிட்டத்தான். வெங்காயம் உரிக்குறேன்னு வந்து நிப்பாரு. உன்ன ஜெயிக்க ஒத்திகையாம். அந்த வாரம் பூரா இதே பேச்சு. பாதி கேட்டேன், பாதி கேக்கல.”

நான் உட்கார்ந்துவிட்டேன்.

“கேட்ட பாதியச் சொல்லு.”

“நான் என்னத்தக் கண்டேன். ஏதோ சொன்னாரு.” என்றாலும் கையைத் துடைத்துக்கொண்டாள். இடுப்பில் ஒரு கை வைத்து, மோவாயைத் தூக்கி நின்றாள். நீங்களாம்.

தியா நிமிர்ந்து பார்த்தாள். “அம்மா, அப்பா அட்ல நிலபடரு.” அப்பா அப்படி நிற்கமாட்டாராம். எழுந்துபோய்க் காட்டினாள். ஃபிரிட்ஜில் தோளைச் சாய்த்து, ஒரு காலுக்குக் குறுக்கே இன்னொரு கால்.

அதுதான். அதேதான்.

அக்கா மகளை நகர்த்திவிட்டு அதே இடத்தில் அதேபோல் சாய்ந்தாள். கோவில்பட்டித் தமிழில் உங்கள் வாதம் வரத் தொடங்கியது.

“மொதல்ல எடம். இப்ப ரெண்டும் எஞ்சினுக்குக் கீழ இடுக்குல கெடக்கு. ஒரு நட்டத் தொடணும்னாலும் பாதி வண்டியப் பிரிக்கணும். ஒண்ணுன்னா மேலாப்புல வச்சிரலாம். அடுப்புல வச்ச சட்டி மாதிரி, எட்டிப் பாத்துக்கிடலாம்.”

“சட்டி நீ சொல்றியா, அவர் சொன்னாரா?”

“தெரியலடி. கலந்துபோச்சு.”

“சரி, மேல சொல்லு.”

“அப்புறம் அந்த லேக்கு. ரெண்டு பேரு சேந்து இழுத்த வண்டிய இனி ஒருத்தர்தான் இழுக்கணும்னா, அவரு கொஞ்சம் தாமசமாத்தான் எந்திரிப்பாரு. அது கோளாறு இல்ல. அவசரப்படுத்தாம விட்டா வந்துருவாரு. வந்த பொறவு நிக்கமாட்டாரு.”

குக்கர் சீறியது. அக்கா திரும்பி அடுப்பைக் குறைத்தாள். அவள் சொன்னதை அவளே கேட்டாளா? தெரியவில்லை. நான் விசாரிக்கவில்லை. நீங்கள் சொன்னபோது வெங்காயத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்பீர்கள்.

“போதும்,” என்றேன்.

உண்மையாகவே சொன்னேன், அத்தான். லேக் எனக்கு ஏன் பிடிக்கும் என்று என்னால் யாருக்கும் சொல்ல முடிந்ததில்லை. நீங்கள், இரட்டைக் கட்சிக்காரர், வெங்காயம் உரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறீர்கள்.

“கடைசியில என்னதான் சொன்னார்? மனசு மாறிட்டாரா?”

“‘ஏய், நானே கட்சி மாறிடுவேன் போலிருக்கே’ன்னு சிரிச்சாரு. அப்புறம் ‘நக்கோ, நக்கோ, அது வேணாம், ரெண்டுதான் வேணும்’னாரு.”

நானும் சிரித்துவிட்டேன். கணக்கைப் பாருங்கள். உங்கள் கட்சியை நான் உங்களைவிட நன்றாகப் பேசினேன், நீங்கள் ஒப்புக்கொண்டீர்கள். என் கட்சியை நீங்கள் என்னைவிட நன்றாகப் பேசிவிட்டீர்கள், நான் ஒப்புக்கொண்டேன். உங்கள் சட்டப்படி இருவரும் ஜெயித்தாகிவிட்டது. இருவர் இஷ்டப்படியும் நடக்க வேண்டும். ஆறு சிலிண்டரில் மூன்று டர்போ வைக்க வழி உண்டா?

அக்காவிடம் இதைச் சொன்னேன். அவள் தட்டு எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

“ஏன்டி, இத்தன ஞாயிறு பேசினீங்களே. அத ஓட்டப்போறது யாருன்னு ஒரு நாளாவது பேசினீங்களா?”

நாம் பேசவில்லை, அத்தான். சிலிண்டரைப் பேசினோம், சூட்டைப் பேசினோம், இந்த ஊர் சிக்னலைக்கூடப் பேசினோம். ஓட்டுகிறவரைப் பேசவில்லை. எனக்குத் தெரிந்து நம்மைப்போன்ற ஆட்களுக்கு மட்டுமே வரக்கூடிய மறதி அது.

“வண்டி எம் பேருக்கு மாறியாச்சு,” என்றாள். “பேப்பரு போன வாரம் வந்துச்சு.”

“விக்கப்போறியா?”

“எதுக்கு விக்க? நான் ஓட்டப்போறேன்.”

அவள் அதை ஒரே ஒரு முறை ஓட்டியது உங்களுக்கு நினைவிருக்கும். இந்தத் தார்நாகா சிக்னலில்தான். லேசாகத் தொட்டதற்கு வண்டி பாய்ந்து, முன்னால் நின்ற பழ வண்டிக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. நீங்கள் சிரித்தீர்கள். ‘அதுதான் ரெட்டை டர்போ’ என்று பெருமையோடு சொன்னீர்களாம். அக்கா அங்கேயே இறங்கிச் சாவியை உங்கள் கையில் வைத்துவிட்டாள். பிறகு அவள் கேட்கவில்லை. நீங்களும் நீட்டவில்லை.

“நான் தொட்டேன், அது பாஞ்சுருச்சு. எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல. இப்பச் சொல்லு, ரெண்டுல எது யோசிச்சுப் போகும்?”

“ஒண்ணு,” என்றேன். “டர்போ எந்திரிக்கிற வரைக்கும் அது சாதாரண மூணு லிட்டர் வண்டிதான்க்கா. மிதிச்ச அளவுக்குத்தான் போகும். நீ விடாம மிதிச்சாத்தான் அது எந்திரிக்கும்.”

“அப்ப அதப் போடு. ஆனா நீ போன்ல படம் காட்டுவியே, அந்தப் பெரிய பூசணிக்கா வேணாம். மத்தியமா ஒண்ணு.”

அந்தப் பூசணிக்காய் என் கல்லூரிக் காலத்திலிருந்து வரும் கனவு. மட்டன் சாப்பிட்டு முடிப்பதற்குள் அது போய்விட்டது. வருத்தம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. உங்கள் இரட்டை போனது, என் பெரியது போனது. இருவரும் கேட்காத ஒன்று வந்தது. இதில் யாரும் யாரையும் வெல்லவில்லை. சோறு இறங்கியது.

சாயங்காலமே மூவரும் போவன்பள்ளி போனோம். நயீம் பாய் அக்காவைப் பார்த்ததும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். அவருக்கு அவள் பாபி, அண்ணி.

“ஒண்ணு போடுங்க பாய்,” என்றாள் அக்கா.

“சாப்க்கு ரெண்டுதான் இஷ்டம் பாபி.”

“சாப் ஓட்டமாட்டாரே பாய். நான்தான ஓட்டணும்.”

அவர் எஞ்சினைப் பார்த்தார். தார்ப்பாயின் ஓரத்தைப் பிடித்து இழுத்து, முழுவதுமாக எடுத்து மடித்தார்.

“ஒண்ணுன்னா வேல சுத்தமா இருக்கும் பாபி. நான் ஆரம்பத்துலேருந்தே நெனச்சேன்.”

“போன வாரம் ரெண்டுன்னீங்களே?” என்றேன்.

“அது போன வாரம் மேடம்.”

எஞ்சினின் மூச்சை டர்போவுக்குக் கொண்டுபோகும் மேனிஃபோல்டு முதல் தடவை சரியாக அமையவில்லை. ஒரு குழாய் ஸ்டியரிங் தண்டை உரசியது. நயீம் பாய் வெல்டரைத் திட்டினார், வெல்டர் என் அளவைத் திட்டினார், நான் இருவரையும் திட்டினேன். நீங்கள் அங்கே நின்றிருந்தால் மூவருக்கும் தேநீர் சொல்லியிருப்பீர்கள். பழைய ஜோடியை யாருக்கும் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. கழுவி வீட்டுக்குக் கொண்டுவந்தோம். பால்கனியில் இருக்கின்றன. ஒன்றில் தியா பென்சில்களை நிறுத்தியிருக்கிறாள். இன்னொன்றை யாரும் எதற்கும் பயன்படுத்தவில்லை.

போன ஞாயிறு காலை அவுட்டர் ரிங் ரோட்டுக்குப் போனோம். அக்கா ஓட்டினாள். பக்கத்தில் நான், பின்னால் தியா. வெயில் இன்னும் ஏறியிருக்கவில்லை. சாலை காலியாக இருந்தது.

“மிதிக்கவா?”

“மிதி. விட்டுறாத.”

மிதித்தாள். ஒன்றும் நடக்கவில்லை. வண்டி தன்போக்கில் போனது. அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, காலை எடுக்கவும் இல்லை. இன்னும் ஒன்றும் இல்லை. நான் இதுவரை எத்தனையோ வண்டிகளில் காத்திருந்த அதே இடைவெளி. ஆனால் அன்றுதான் அதற்குள் இவ்வளவு இடம் இருப்பதைப் பார்த்தேன். அக்காவின் கை நரம்பு தெரிந்தது. பாறைக் குன்றுகள் மெதுவாகப் பின்னால் போயின. பின்சீட்டிலிருந்து தியா, “வஸ்துந்தி, வஸ்துந்தி,” என்றாள். வருகிறது, வருகிறது.

முதலில் மெல்லிய விசில். பிறகு இருக்கை முதுகைத் தள்ளத் தொடங்கியது. அதட்டலாக இல்லை, திடீரென்றும் இல்லை. ஆனால் நிற்கவில்லை. அக்காவின் வாய் லேசாகத் திறந்தது. நான் அவளை அப்படிப் பார்த்துப் பல மாதமாகிறது.

காலைத் தளர்த்தியபிறகு கேட்டாள்: “இதுக்குத்தானாடி ரெண்டு பேரும் அந்தப் பாடு பட்டீங்க?”

நான் வாயைத் திறப்பதற்குள் பின்சீட்டிலிருந்து பதில் வந்தது. தமிழும் இல்லை, தெலுங்கும் இல்லை.

“ஹவ்,” என்றாள் தியா.

அக்கா சிரித்தாள். சுங்கச்சாவடி வரைக்கும் சிரித்துக்கொண்டே போனாள்.

இன்னொரு செய்தி பாக்கி. நேற்று அக்கா அலுவலக நேரத்தில் போன் செய்தாள். மீட்டிங்கிலிருந்து எழுந்து வெளியே போய் எடுத்தேன். “ஏன்டி, அந்த அழுத்தத்த இன்னுங் கொஞ்சம் ஏத்தச் சொல்லலாமா நயீம் பாய்கிட்ட?” என்று கேட்டாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, ஏதோ திருட்டு மாங்காய் கேட்பதுபோல.

எனக்கு ஆசைதான். உங்களுக்குத் தெரியாததா? இருந்தாலும் ஒரு வாக்குக் கொடுக்கிறேன். உங்கள் சட்டத்தைத் தாண்டி அந்த வண்டியில் ஒரு திருகைக்கூடத் திருப்பமாட்டேன். வருகிற ஞாயிறு, குக்கர் அடுப்பில் ஏறியதும், ‘ஏற்ற வேண்டாம்’ என்ற கட்சியை நான் பேசுவேன். அடுத்த ஞாயிறு ‘ஏற்றலாம்’ என்று தியா பேசட்டும், எந்த மொழியில் வேண்டுமானாலும். முடிவை ஓட்டுகிறவள் சொல்வாள். பேசுகிறவர் நிற்க வேண்டிய இடம் ஃபிரிட்ஜ் பக்கம், தோளைச் சாய்த்து, ஒரு காலுக்குக் குறுக்கே இன்னொரு கால் போட்டு.

ஒற்றைக்கும் இரட்டைக்கும் நடுவில் உங்களோடு உட்கார்ந்திருந்த,
உங்கள் கொழுந்தியாள்
பூரணி